பழுப்பு நிறம் கிணற்றிலிருந்து வருவதில்லை
குளச்சல், முட்டம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் காணொளி ஒன்று, மின்கம்பிகள் பொருத்திய சிறு கருவியை வைத்ததும் கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகக் கலங்குவதைக் காட்டி, மறைந்திருந்த நஞ்சு வெளிப்பட்டதாகக் கூறுகிறது, இது தவறு. தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்துவதால், கருவியின் இரும்புக் கம்பியே அரித்துக் கரைந்து, ஏறக்குறைய துருவாக மிதக்கிறது. ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் வைக்கும் ஆர்.ஓ. தண்ணீர் (சவ்வு வழியே வடிகட்டி உப்பு நீக்கிய தண்ணீர்) தெளிவாக நிற்பது அதில் உப்பு மிகக் குறைவு என்பதால்தான். அதில் சிறிது கல்லுப்பைக் கரைத்துவிட்டு மறுபடி கருவியை வைத்தால் அதுவும் கலங்கும் (ஆர்.ஓ. வடிகட்டி விற்பவர் இதற்கு எளிதில் இசையமாட்டார்). கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவது உண்மைதான். அதை ஆய்வகத்தில் அளக்கலாம்: குடிநீரில் கரைந்த திடப்பொருள்கள் (பெரும்பாலும் உப்புகள்) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை என்கிறது இந்தியத் தரநிலை, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை. கிருமி இருக்கிறதா என்பதை அந்தக் கருவி காட்டவே காட்டாது.