இணைப்பு நடந்தால் வாங்கப்பட்ட நிறுவனத்தினர் கடைசி வரிசையா?

‘ஹவாயியன் ஏர்லைன்ஸை அலாஸ்கா ஏர்லைன்ஸ் வாங்கிவிட்டது, ஹவாயியன் விமானப் பணிப்பெண்களின் சர்வீஸ் இனி பூஜ்யம், ஆள்குறைப்பு வந்தால் முதலில் அவர்கள்தான்’ என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 2001-ல் டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க விமான நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது நடந்தது இதுதான். டி.டபிள்யூ.ஏ.வில் இருபது, முப்பது வருடம் பறந்த பணிப்பெண்கள்கூட, பணிமூப்புப் பட்டியலில் (யார் எவ்வளவு காலம் வேலை செய்தார் என்ற வரிசையில்) நேற்று சேர்ந்தவருக்கும் கீழே போடப்பட்டார்கள். 2003-க்குள் ஏறக்குறைய எல்லோரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கொடுமை என்னவென்றால், அப்படி வரிசை போடுவதில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பணிப்பெண்களின் சங்கமே உறுதியாக நின்றது.

அதன் விளைவாக 2007-ல் அமெரிக்காவில் மெக்காஸ்கில்–பாண்ட் சட்டம் வந்தது. அதன்படி, இணையும் இரு நிறுவனங்களின் பணிமூப்புப் பட்டியல்களை நியாயமாக இணைக்க வேண்டும். உடன்பாடு வராவிட்டால் நடுவர் தீர்ப்பு. இரு தரப்புக்கும் ஒரே சங்கம் என்றால் அந்தச் சங்கத்தின் விதியே செல்லும். 2024 செப்டம்பரில் முடிந்த அலாஸ்கா–ஹவாயியன் இணைப்பில் இரு பக்கமும் ஏ.எஃப்.ஏ. என்ற விமானப் பணிப்பெண்கள் சங்கம்தான். அதன் விதி, வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி வரிசை.

ஆனால், ‘சட்டம் இருக்கிறது, யாரையும் நீக்க முடியாது’ என்பதும் சரியல்ல. சட்டம் காப்பது வரிசையை. ஆள்குறைப்புக்குத் தடை வேண்டுமானால், சங்கம் அதை ஒப்பந்தத்தில் பேசித்தான் வாங்க வேண்டும்.