தொழிற்சங்கம் படித்த டீன்

எம்பிஏ படிக்கும் சொந்தக்காரப் பையன் போன வாரம் போன் பண்ணினான். புராஜெக்டுக்குத் தொழிற்சங்கம் பற்றி எடுக்கலாம் என்று போனானாம். "அதெல்லாம் பழைய சரக்குப்பா, எம்ப்ளாயி எங்கேஜ்மென்ட்னு மாத்திக்கோ" என்று கைடு சொல்லிவிட்டாராம், அதாவது ஊழியர் ஈடுபாடு. அவனுக்கு ஜார்ஜ் ஷுல்ட்ஸ் கதையைச் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஷுல்ட்ஸ் என்றால் பலருக்கும் அமெரிக்க அதிபர் ரீகனின் வெளியுறவு அமைச்சர்தான் ஞாபகத்துக்கு வருவார். அதற்கு வெகு முன்பே, 1962 முதல் 1968 வரை, சிகாகோ பல்கலைக்கழக பிசினஸ் ஸ்கூலின் டீன் அவர். நிதியோ மார்க்கெட்டிங்கோ அவர் துறை இல்லை. தொழில் உறவுகள்: சங்கம், கூலி, பேச்சுவார்த்தை, ஸ்ட்ரைக்.

எம்ஐடியில் 1949இல் முனைவர் பட்டம். முதலில் கையில் எடுத்தது மாசசூசெட்ஸின் பிராக்டன் ஊர் ஷூ தொழில். கூலி எவ்வளவு என்று முடிவாகும்போது யார் யாரை எப்படி நெருக்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. 1951இல் அது புத்தகமாக வந்தது. அதே எம்ஐடியில் ஜோசப் ஸ்கேன்லனோடும் வேலை செய்தார். ஸ்கேன்லன் உருக்காலையில் வேலை பார்த்து, உள்ளூர்ச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். அவரைக் கூப்பிட்டு வந்து எம்ஐடியில் உட்கார வைத்திருந்தார்கள். இன்றைக்கு எந்த பி-ஸ்கூல் ஒரு சங்கத் தலைவருக்கு நாற்காலி போடும்? கெஸ்ட் லெக்சருக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

1957இல் சிகாகோவுக்குப் போகிறார். சந்தைதான் எல்லாம் என்ற பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் இருந்த ஊர். சங்கத்தை ஏகபோகம் என்று பார்த்த பொருளாதாரக்காரர்களின் கோட்டை. அங்கே இருந்துகொண்டே அவர் இறங்கிய வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆர்மர் என்ற பெரிய இறைச்சி கம்பெனி பழைய ஆலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. 1959 ஒப்பந்தத்தில் கம்பெனியும் இரண்டு சங்கங்களும் சேர்ந்து, இப்படி வேலை போகிறவர்களுக்கு வழி தேட ஒரு ஆட்டோமேஷன் கமிட்டி போட்டன. அதற்கான பணம் வந்த வழியைப் பாருங்கள்: நூறு பவுண்டு சரக்கு வெளியே போனால் ஒரு சென்ட், மொத்தம் 5 லட்சம் டாலர் சேரும்வரை. ஷுல்ட்ஸ் அந்தக் கமிட்டியில் உட்கார்ந்தார். 1962இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் ஆலை மூடியபோது, வேலை போனவர்களுக்கு மறுபயிற்சி, வேறு ஊர் ஆலைக்கு மாற்றல், புது வேலை என்று எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள். நிறையச் சொதப்பல்தான், நான் மறைக்கவில்லை. வயதானவர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் வெளியே வேலை கிடைப்பது கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்தச் சொதப்பலையும் சேர்த்து, சக பேராசிரியர் ஆர்னல்ட் வெபரோடு 1966இல் புத்தகமாகப் போட்டார். அப்போது அவர் டீன்! தன் பேர் இருக்கும் திட்டம் எங்கே தடுக்கி விழுந்தது என்று எழுதும் டீனை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை.

1969இல் அதிபர் நிக்சன் அவரைத் தொழிலாளர் துறை அமைச்சராக்கினார். துறைமுகத் தொழிலாளர் ஸ்ட்ரைக் அப்போது நடந்துகொண்டிருந்தது. முந்தைய ஜான்சன் அரசு கோர்ட் தடை வாங்கி 80 நாள் நிறுத்தி வைத்தும், கெடு முடிந்ததும் மறுபடி ஆரம்பித்த ஸ்ட்ரைக் அது. அரசாங்கம் எப்போதும் ஓடி வரும் என்று தெரிந்தால் இரு தரப்பும் ஒழுங்காகப் பேரம் பேச மாட்டார்கள் என்பது ஷுல்ட்ஸின் பழைய வாதம். நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அதையே சொன்னார். தலையிட வேண்டாம் என்று நிக்சனைச் சம்மதிக்க வைத்தார். சில வாரத்தில் நியூயார்க்கில் அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள்.

"அப்போ சங்கத்து ஆளா சித்தப்பா?" என்று பையன் கேட்டான். இல்லவே இல்லை. குடியரசுக் கட்சிக்காரர், சந்தையை நம்பியவர். கறுப்பினத்தவருக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த கட்டுமானச் சங்கங்கள்மேல் அதே 1969இல் பிலடெல்ஃபியா திட்டத்தைக் கொண்டுவந்தார்; அரசு கட்டுமான வேலை எடுப்பவர்கள் சிறுபான்மையினரை வேலைக்கு எடுக்க இலக்கு வைக்கும் திட்டம் அது. சங்கத் தலைவர்கள் கொதித்தார்கள். நிக்சன் அதில் அரசியல் கணக்குப் போட்டார் என்பதும் உண்மை. ஆனாலும் அந்த விஷயத்தில் நான் ஷுல்ட்ஸ் பக்கம்தான். சங்கத்தைப் பிடிக்கிறதோ இல்லையோ, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து சண்டை போட்டவர் அவர். இப்போது வரும் எச்ஆர் பிள்ளைகளுக்கு கேட் மீட்டிங், அதாவது ஆலை வாசலில் சங்கம் போடும் கூட்டம், என்றால் என்னவென்றே தெரியாமல் ஃபேக்டரிக்குள் அனுப்புகிறோம். முதல் ஸ்ட்ரைக் நோட்டீஸ் வந்ததும் கை நடுங்கி வக்கீலுக்கு போன் போடுகிறார்கள்.

பையன் தலைப்பை மாற்றவில்லையாம். கைடிடம் மறுபடி கேட்டுப் பார்க்கிறானாம். ஆர்மர் கமிட்டி பற்றிப் படிக்க என்ன கிடைக்கும் என்று நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் போட்டிருக்கிறான்.