செகாவின் கதை போட்டோ எடுக்கும் பெட்டியில்தான் தொடங்குகிறது

ஜப்பானிய வீடியோ கேம் வரலாறு என்றாலே 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டிலிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள். அதற்கு முந்தைய 25 வருடத்தை அப்படித் தாண்டிப் போவது பெரும் பிழை. காசு போட்டு ஆடும் மெஷினை இறக்கி, இடம் பிடித்து, காசு எடுத்து, பழுது பார்த்த விநியோகஸ்தர்கள் போட்ட பாதையில்தான் அந்த விளையாட்டு ஓடியது.

பின்னாளில் செகா என்ற விளையாட்டு நிறுவனமாக மாறிய ரோசன் எண்டர்பிரைசஸை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விமானப்படையில் இருந்த டேவிட் ரோசன் 1954-இல் டோக்கியோவில் தொடங்கியது. அரிசி ரேஷன் அட்டைக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் போட்டோ தேவைப்பட்ட காலம். ஸ்டுடியோவில் கொடுத்தால் கைக்கு வர நாள் கணக்காகும். அமெரிக்கத் தானியங்கி போட்டோ பூத்களில் ஒரு குறை: ரசாயனக் கரைசலின் வெப்பநிலை நிலையாக நிற்காததால் படம் சீக்கிரமே மங்கிவிடும். ரோசன் பூத்துக்குள் ஒரு ஆளை வைத்துக் கரைசலைக் கவனிக்கச் செய்தார். படம் நின்றது, வியாபாரமும் நின்றது.

விளையாட்டு மெஷின் இறக்குமதிக்கு வந்தது 1957-இல். டாலர் தட்டுப்பாட்டுக் காலத்தில் இது ஆடம்பரப் பொருள். உரிமம் வாங்குவதே பெரிய போராட்டம், சுங்க வரியும் மிகக் கடுமை. அதனால் அமெரிக்காவில் ஓடித் தேய்ந்த பழைய துப்பாக்கி விளையாட்டுகளை வாங்கி வந்து, சினிமா தியேட்டர்களை ஒட்டி வைத்தார்.

வந்த மெஷினை அப்படியே பிளக்கில் சொருகிவிட முடியாது. அமெரிக்க மின்சாரம் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டோக்கியோவில் 100 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட் குறைந்தால் ரிலே என்னும் மின்காந்த சுவிட்ச் முழுதாக இழுக்காது, படபடக்கும், காண்டாக்ட் முனை தீய்ந்து கருகும். டைமரில், ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் சுழலும் சிங்க்ரோனஸ் மோட்டார் இருந்தால் 60 நொடி ஆட்டம் 72 நொடியாக நீளும். வரிசை நிற்கும் இடத்தில் அது நேரடி வசூல் இழப்பு. ஒசாகாவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே ஆட்டம் நீளும் தொல்லை இல்லை.

காசு இன்னொரு தலைவலி. அமெரிக்க 5 சென்ட் 21.2 மி.மீ., ஜப்பானின் 10 யென் 23.5 மி.மீ. துவாரத்தை அகலப்படுத்தினால் மட்டும் போதாது. 10 யென்னில் 95 சதவீதம் செம்பு; போலிக் காசைப் பிரிக்க உள்ளே இருக்கும் காந்தம் அதன் வேகத்தை அதிகமாகவே குறைக்கும். 5 சென்டுக்கு அமைத்த பாதையில் அது எட்ட வேண்டிய இடத்தை எட்டாமல் திருப்பிக் கொடுக்கும் பக்கம் விழுந்துவிடும். காசின் எடையைச் சோதிக்கும் தொட்டிலையும் 5 கிராமிலிருந்து 4.5 கிராமுக்கு மாற்றியாக வேண்டும்.

1965-இல் ரோசனின் நிறுவனம் நிஹோன் கோராகு புஸ்ஸானோடு இணைந்து செகா எண்டர்பிரைசஸ் ஆனது. அந்த மற்றொரு பாதி சர்வீஸ் கேம்ஸின் வாரிசு. அமெரிக்க ராணுவ முகாம்களுக்கு ஸ்லாட் மெஷின் விற்று வளர்ந்தது. செகாவைக் கொண்டாடுகிறவர்கள் இந்தச் சூதாட்டப் பணத்தை மறைக்காமல் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் சர்வீஸ் (Service), கேம்ஸ் (Games) இரண்டின் முதல் இரண்டிரண்டு எழுத்துகள் சேர்ந்ததுதான் செகா (Sega) என்ற பெயரே.

பழைய இறக்குமதி சலித்தபோது அவர்களே செய்தது 1966-இன் பெரிஸ்கோப் என்ற விளையாட்டு மெஷின். சங்கிலியில் நகரும் அட்டைக் கப்பல்கள், பிளாஸ்டிக் அலைகள், டார்பிடோ போகும் வழியில் வரிசையாக எரியும் விளக்குகள். திரையும் இல்லை, கணினியும் இல்லை. அமெரிக்காவுக்கு அனுப்பியபோது மெஷின் விலையும் கப்பல் கூலியும் சேர்ந்து, வழக்கமான 10 சென்ட் கட்டணத்தில் முதல் திரும்பாது என்றானது. ஆட்டத்துக்கு 25 சென்ட் என்று வைத்தார்கள். 1972-இல் பாங் என்ற வீடியோ கேம் வந்தபோது அதன் கட்டணமும் 25 சென்ட்தான்.