அடித்தது பேட்ரியாட் அல்ல

2024 ஏப்ரல் 19 அன்று தெற்கு ரஷ்யாவின் ஸ்டாவ்ரோபோல் பகுதியில் விழுந்த ரஷ்யாவின் டியு-22எம்3 குண்டுவீச்சு விமானத்தை 'அமெரிக்க பேட்ரியாட் வான்காப்பு ஏவுகணை வீழ்த்தியது' என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. பேட்ரியாட் எட்டும் தூரம் சுமார் 160 கி.மீ. தான். ஆனால் விமானத்தைச் சுட்ட தூரம் என்று உக்ரைன் உளவுத்துறை சொன்னது 308 கி.மீ. ரஷ்யா இயந்திரக் கோளாறு என்கிறது, அது வேறு விஷயம். சுட்டது எஸ்-200 வான்காப்பு ஏவுகணை என்று உக்ரைனின் அப்போதைய ராணுவ உளவுத்துறைத் தலைவர் புடானோவே சொல்லிவிட்டார்.

சோவியத் விட்டுச்சென்ற இந்த ஏவுகணையை உக்ரைன் 2013-இல் ஓரங்கட்டியது. நீளம் கிட்டத்தட்ட 11 மீட்டர், எடை 7 டன். எரிபொருளை எரியவைக்கும், நைட்ரிக் அமிலம் கலந்த திரவத்தை, முகமூடியும் ரப்பர் உடையும் போட்டுக்கொண்டுதான் நிரப்ப வேண்டும். பத்தாண்டு கிடப்பில் கிடந்ததை மறுபடி பறக்கவிட்ட தொழில்நுட்பர்களின் உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுதுவது நியாயமே இல்லை.