பிய்ந்த தோசை யாருக்கு?

கடந்த ஆகஸ்ட் மாதம், பேருந்துப் படியில் ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று மருத்துவரிடம் போனேன். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1 என்று வந்தது. பெண்களுக்கு அது 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகைதான். மருந்துச் சீட்டை எழுதுவதற்கு முன்பு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காலையில என்னம்மா சாப்பிடுறீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. பொய் சொல்வதற்குக்கூட ஒரு பலகாரத்தின் பெயர் வாயில் வரவில்லை.

கல் சரியாகக் காய்வதற்குள் ஊற்றிப் பிய்ந்துபோன முதல் தோசை, பையன் கடித்துவிட்டு வைத்த பாதி இட்லி, 7.20-க்குப் பள்ளி வேன் வந்து போன பிறகு ஆறிக் கிடக்கும் காபி. இவை அனைத்தும் நின்றுகொண்டே உள்ளே போனவை. மாலையில், பிள்ளைகளின் டப்பாவில் திரும்பி வந்த எலுமிச்சை சாதத்தைக் குப்பையில் கொட்ட மனம் வராமல் நானே தின்று தீர்ப்பேன். நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வரவு செலவில் ஐந்து ரூபாய் உதைத்தாலும் இருட்டும்வரை உட்கார்ந்து கண்டுபிடிக்கிற ஆள். என் சாப்பாட்டுக் கணக்கு பல வருடங்களாக உதைத்துக்கொண்டிருந்தது மட்டும் கண்ணில் படவில்லை.

இது என் ஒருத்தியின் கதையாக இருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் தாய்மார்களில் இரண்டில் ஒருவருக்கு என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை ஏதும் வந்துவிடாது. அவர்களிடம்தான் இப்போது எல்லோரும் 'செல்ஃப் கேர்' பற்றிப் பேசுகிறார்கள். காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து தியானம் செய்யுங்கள், வாரம் ஒருமுறை அழகு நிலையம் போங்கள், நாட்குறிப்பு எழுதுங்கள் என்கிறார்கள். ஏற்கெனவே ஐந்து மணிக்கு எழுகிறவளை நாலரைக்கு எழுப்பிவிட்டு, அதற்கு ஓய்வு என்று பெயர் வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில் அதுவும் இன்னொரு வேலையாகச் சேருகிறது. செய்ய முடியாமல் போனால், தன்னைக்கூடக் கவனிக்கத் தெரியாதவள் என்ற குற்ற உணர்வு வேறு.

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் அறிவுரையும் ஏறக்குறைய இதே ரகம்தான். "சுவர் இருந்தாத்தானே சித்திரம் எழுத முடியும், உடம்பப் பாத்துக்கோம்மா" என்றார் என் அத்தை. அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்தப் பழமொழியை ஒரு தாயிடம் சொல்லும்போது, அவள் சுவராகவும் மற்றவர்கள் சித்திரமாகவும் ஆகிவிடுகிறார்கள் என்பதை யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. வீட்டுக்கு உழைப்பதற்காக அல்ல, பசிக்கிறது என்பதற்காகவே ஒரு பெண் சூடாகச் சாப்பிடலாம்.

என் கருத்து இதுதான்: பள்ளி நாட்களில் ஒரு தாய் தன்னைப் பேணிக்கொள்வது அவள் ஒருத்தியின் கையில் இல்லை, ஏனென்றால் அதற்குத் தேவையான நேரம் அவளிடம் இல்லை, வீட்டில் வேறு யாரிடமோ இருக்கிறது. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். பிள்ளைகளைக் கவனிப்பது போன்ற வேலைகளுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, அதிலும் இதே கதைதான். இந்த இடைவெளியைத் தொடாமல் தரப்படும் எந்த ஆலோசனையும் என்னைப் பொறுத்தவரை வெறும் உபசார வார்த்தை.

என் அலுவலகத்தில் துப்புரவுப் பணி செய்யும் பெண்ணிடமிருந்து இதை இன்னும் தெளிவாகப் புரிந்துகொண்டேன். அவருடைய மகன் மாநகராட்சிப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தில் அவனுக்கு உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ பள்ளியிலேயே கிடைத்துவிடுகிறது. "இப்பல்லாம் காலையில உக்காந்து ஒரு வாய் கஞ்சி குடிச்சுட்டு வரேன்க்கா" என்றார். பிள்ளைகளின் பசிக்காகக் கொண்டுவரப்பட்ட திட்டம் அது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பிள்ளைகளின் வருகைப் பதிவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த அந்த ஒரு வாய்க் கஞ்சியும் அதன் பலன்தான். யாரும் அவரை முன்னதாக எழுந்து தியானம் செய்யச் சொல்லவில்லை. அவருடைய வேலையில் ஒன்றைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

என் வீட்டில் எதைக் குறைப்பது என்று யோசித்தபோது, சமையலைவிட அதிகமாக என்னைத் தின்றுகொண்டிருந்தது கைப்பேசிதான் என்று தெரிந்தது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரவு 9.10-க்குச் செய்தி வரும்: நாளை இந்திய வரைபடம் நான்கு, பச்சை நிறச் சட்டை, வீட்டிலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டி. அந்தக் குழுவில் இருந்தவர்கள் அனைவரும் தாய்மார்கள். பள்ளி அப்படி விதி எதுவும் வைத்திருக்கவில்லை. சேர்க்கைப் படிவத்தில் என் எண்ணை நானேதான் எழுதிக் கொடுத்திருந்தேன். செப்டம்பரில், காலாண்டுத் தேர்வு முடிந்ததும், இரண்டு பிள்ளைகளின் குழுக்களிலும் என் எண்ணை எடுத்துவிட்டுக் கணவரின் எண்ணைச் சேர்க்கச் சொன்னேன்.

முதல் இரண்டு வாரங்கள் குழப்பமாகவே போயின. வண்ண உடை அணிந்து வர வேண்டிய நாளில் பையன் சீருடையில் போய், அழுதுகொண்டே திரும்பி வந்தான். "நீயாவது ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல?" என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன், நிஜமாகவே தெரியாது. அன்று பையனின் முகத்தைப் பார்த்தபோது, பேசாமல் குழுவில் மறுபடி சேர்ந்துவிடலாமா என்று ஒரு மணி நேரம் தவித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சேரவில்லை. அதன் பிறகு அவர் எதையும் தவறவிட்டதில்லை.

இரும்புச்சத்து மாத்திரை மூன்று மாதங்கள் ஓடின. மாத்திரையையும் காபியையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, காபியும் தேநீரும் இரும்புச்சத்தை உடம்பில் ஒட்டவிடாது, நெல்லிக்காயும் எலுமிச்சையும் அதற்கு உதவும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வேன் போன பிறகு இருபது நிமிடம் உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிடுகிறேன். அந்தத் தோசையை ஊற்றுவது பெரும்பாலும் என் கணவர்தான். கல்லைக் காயவிடும் பொறுமை அவருக்கு இன்னும் வரவில்லை. ஆனால் பிய்ந்ததைத் தன் தட்டில் போட்டுக்கொள்கிறார். நவம்பரில் எடுத்த பரிசோதனையில் 11.2 வந்தது.

அரையாண்டுத் தேர்வின் கால அட்டவணை போன வாரமே அவருடைய கைப்பேசிக்கு வந்துவிட்டதாம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். சமூக அறிவியல் என்றைக்கு என்று எனக்கு இன்னும் தெரியாது.