காசு கொடுத்தால் எல்லாமே சொந்தமா?

ஒரு நிறுவனத்துக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த ஃப்ரீலான்சர் (தனியாக வேலை எடுத்துச் செய்பவர்) பெண்ணிடம், அந்த வேலையில் பயன்படுத்திய கருவிகள் உட்பட எல்லாவற்றின் உரிமையையும் எழுதிக் கொடுக்கச் சொன்ன விஷயத்தை எல்லோரும் பேசி முடித்துவிட்டீர்கள். முழுதாகத் திரும்பச் சொல்லவில்லை. அந்த நிறுவனம் அப்படிக் கேட்டதுகூட எனக்கு ஆச்சரியமில்லை. வருடக்கணக்காக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைத்த நம் ஆட்களே, 'காசு வாங்கியாச்சு இல்ல, அப்புறம் என்ன உரிமை?' என்று அவரிடம் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

அவர் பகிர்ந்த ஒப்பந்த ஷரத்தை எத்தனை பேர் நிஜமாகவே படித்தீர்கள்? 'தொழில்நுட்பம்' என்றால் இந்தப் பணிக்காக உருவாக்கப்பட்ட, பயன்படுத்தப்பட்ட, அல்லது இதனுடன் தொடர்புடைய அனைத்து மென்பொருள், கருவிகள், வழிமுறைகள், அனுபவ அறிவு என்று வரையறை. சில பக்கம் தள்ளி ஒரே வரி: தொழில்நுட்பம் முழுவதும் வாடிக்கையாளருக்கே சொந்தம். எல்லோரும் இந்த இரண்டாவது வரியை வைத்துத்தான் சண்டை போட்டீர்கள். விஷம் இருப்பது வரையறையில். உருவாக்கியது அவர்களுக்கு, சரி. பயன்படுத்தியதும் எப்படி அவர்களுக்கு?

அந்த வேலையில் என்னென்ன கலந்திருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாதா? அந்த கிளையன்ட்டுக்கென்று புதிதாக எழுதிய கோட் (நிரல்) ஒரு பங்கு. முன்பே எழுதி வைத்து, பல வேலைகளில் பயன்படுத்தி, பிழை திருத்தித் திருத்தி மெருகேற்றிய லைப்ரரிகள் (ஆயத்தக் கோட் தொகுப்புகள்) இன்னொரு பங்கு. மூன்றாவது ஓப்பன் சோர்ஸ், அதாவது மற்றவர்கள் எழுதி, எல்லோரும் பயன்படுத்தலாம் என்று உரிமத்தோடு வெளியிட்ட கோட். ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் வந்த ஒரு துண்டு உள்ளே இருந்தால் அதன் உரிமை அதை எழுதியவர்களிடம் இருக்கிறது. அதை இவர் எப்படி எழுதிக் கொடுப்பார்? கொடுத்தால் அது பொய் உறுதிமொழி. நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்தால் அதே ஒப்பந்தத்தில் இருக்கும், நஷ்டத்தை இவரே ஈடுகட்ட வேண்டும் என்கிற இழப்பீட்டு ஷரத்து இவர் கழுத்தைத்தான் பிடிக்கும். 'எல்லாம்' என்று எழுதுவது வரையறையே இல்லை.

'சட்டமே காசு கொடுத்தவன் பக்கம்தான்' என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். இல்லை சார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17-ஐ எடுத்துப் பாருங்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதியது, மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். காசு கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை என்று அதே பிரிவு சொல்வது புகைப்படம், ஓவியம், திரைப்படம் மாதிரி சிலவற்றுக்கு மட்டும். கணினி நிரல் அந்தச் சட்டத்தின்படி இலக்கியப் படைப்பு. அந்தப் பட்டியலில் அது இல்லை. வெளியிலிருந்து செய்து கொடுத்தவரின் நிரல், எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை அவருடையதுதான். மாற்றும்போதும் எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்று எழுத வேண்டும் என்கிறது பிரிவு 19. காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, நிலப்பரப்பு எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். எழுதித் தெளிவாக்கு என்றுதான் சட்டமே சொல்கிறது.

இங்கே மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வீடற்றவர்களுக்காக இயங்கிய ஓர் அமைப்பு, ரீட் என்ற சிற்பியிடம் சிலை செய்யச் சொன்னது. கரு அமைப்பினுடையது, செலவும் அவர்களுடையது. உரிமை யாருக்கு என்று எழுதி வைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1989-ல் வந்த தீர்ப்பு, ரீட் ஊழியர் அல்ல, தனியாக வேலை செய்பவர், அதனால் காசு கொடுத்ததாலேயே அது அமைப்பின் படைப்பாகிவிடாது என்றது. பிரிட்டனிலும் ஊழியருக்கு ஒரு விதி, வெளியாளுக்கு வேறு விதி. இத்தனைக்குப் பிறகும் 'காசு வாங்கியாச்சு இல்ல' என்பதையே வாதம் என்று வைத்தால் என்ன சொல்வது?

'வீடு கட்டின கொத்தனார் வீட்டில் பங்கு கேட்பாரா?' என்ற கேள்விக்குத்தான் எவ்வளவு கைதட்டல்! கேட்க மாட்டார். வீட்டுக்காரரும் வேலை முடிந்ததும் கொத்தனாரின் கரணையையும் தூக்குக்குண்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டு, இனிமேல் நீ யாருக்கும் சுவர் எழுப்பக் கூடாது என்று சொல்ல மாட்டார். அந்த ஷரத்து சொல்வது அதைத்தான்.

எனக்கு இது வெறும் சட்ட விவாதம் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்தேன். அறிக்கைகளைத் தானாகத் தயாரிக்கும் என் சொந்த லைப்ரரி ஒன்று, அதைத்தான் உள்ளே பயன்படுத்தினேன். கையெழுத்துக்கு முன்பே கேட்டேன், என் பழைய கருவிகளின் பட்டியலை ஒப்பந்தத்தில் இணைப்பாகச் சேர்க்கலாமா என்று. அங்கிருந்த மேலாளர் நல்ல மனிதர். 'உங்களுடையது உங்களுக்குத்தான், இதை மெயிலிலேயே சொல்கிறேன், லீகல் டீமிடம் போனால் மாதக்கணக்கில் இழுத்துவிடும்' என்றார். மெயிலும் அனுப்பினார். பிறகு அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர், அந்த லைப்ரரியை நான் வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்று நோட்டீஸ் அனுப்பினார். மெயிலைக் காட்டினேன். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள்: 'இதற்கு முந்தைய பேச்சுகள், கடிதங்கள் அனைத்தையும் இந்த ஒப்பந்தமே மாற்றீடு செய்கிறது.' அதாவது அந்த மெயில் செல்லாது என்றார்கள். வழக்கு நடத்த எனக்குத் தெம்பும் இல்லை, பணமும் இல்லை. நான் எழுதியதை, அதன் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் (நிரலின் சிறு பகுதிக்கும்) நானே பெயர் வைத்ததை, விட்டுவிட்டு வேறு வழியில் புதிதாக எழுத உட்கார்ந்தேன். அந்த இரவுகளைப் பற்றித் தெரியாதவர்கள்தான் 'சும்மா ஒரு கையெழுத்து' என்கிறார்கள்.

சரி, எதிர்த்தரப்புக் கேள்விகளுக்கும் வருகிறேன். 'உரிமை உங்களிடம் இருந்தால் நாளைக்கு எங்களைப் பணயம் வைப்பீர்களே' என்று தொழில் நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான பயம். பாதியில் விட்டுப் போகிற, சோர்ஸ் கோட் (திருத்தக்கூடிய மூல நிரல்) கொடுக்காமல் இழுத்தடிக்கிற ஆட்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதற்கு மருந்து லைசென்ஸ். உங்களுக்காகச் செய்தது உங்களுக்கே. என் பழைய கருவி என்னுடையது. ஆனால் நீங்கள் வாங்கிய மென்பொருளோடு சேர்த்து அதை நிரந்தரமாக, திரும்பப் பெற முடியாதபடி பயன்படுத்தலாம், திருத்தலாம், வேறு ஆளை வைத்தும் பராமரிக்கலாம். சோர்ஸ் கோடும் உங்கள் கையில். இதற்கு மேல் உங்களுக்கு என்ன வேண்டும்? தொழில் தடையில்லாமல் ஓட வேண்டுமா, நான் வேறெங்கும் ஓடக் கூடாதா? இரண்டாவதுதான் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி அதற்கான விலையையும் கொடுங்கள்.

'சின்ன வேலைக்கெல்லாம் இவ்வளவு ஒப்பந்தமா' என்பவர்களுக்குப் பதிலே கிடையாது. சின்ன வேலை என்றால் அவர்கள் ஏன் இத்தனை பக்கம் நீட்டுகிறார்கள்? 'பிடிக்கலைன்னா கையெழுத்துப் போடாதே' என்பவர்கள், பாதி வேலை முடிந்து, பில் பாக்கி இருக்கும்போது அந்தப் பேப்பர் நீட்டப்படும் நிலைமையில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டும்.

அந்த வரையறையில் இன்னொரு சொல் கிடக்கிறது, யாரும் கவனிக்கவில்லை: 'அனுபவ அறிவு'. கோட் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். என் தலைக்குள் இருப்பதை எப்படி எடுப்பீர்கள்? ஒரு பிரச்சினையைப் பார்த்ததும் இதை இப்படி உடைக்கலாம் என்று தோன்றுவது பழைய தோல்விகளில் இருந்து வருகிறது. அதைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ள நினைப்பவர்கள் நம்மை மனிதர்களாகவே பார்க்கவில்லை. வேலையைக் கொடுக்கும்போது 'எக்ஸ்பர்ட்', வேலை முடிந்ததும் 'வெண்டர்'. நான் கட்டியதை மேடையில் காட்டியபோது என் பெயரை ஒரு ஓரத்தில்கூடப் போடாதவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிப்புரிமையை மாற்றிக் கொடுத்த பிறகும், நான்தான் எழுதினேன் என்று உரிமை கோர பிரிவு 57 இடம் தருகிறது. சட்டத்துக்கு இருக்கிற அந்த மரியாதைகூட நமக்குள் ஒருவருக்கொருவர் இல்லையே.

போன மாதம்கூட ஒரு நல்ல வேலையை இதற்காகவே விட்டேன். 'பயன்படுத்தப்பட்ட' என்பதை எடுத்துவிட்டு, என் கருவிகளின் பட்டியலை இணைப்பில் சேருங்கள் என்றேன். மாட்டோம் என்றார்கள். பணத்தேவை இருந்தது, வருத்தம்தான். அதே வரையறையோடு அடுத்த ஒப்பந்தம் வந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்.