கடிதம் கொடுத்தால் மெனேஜர் ஆகிவிடுவாரா?

வெள்ளிக்கிழமை வேர்க்ஷொப்பில் புது மெனேஜர் ஒரு பழைய ஆளை எல்லோர் முன்னாலும் ஏசியதைப் பற்றி நான் எழுதியதற்கு வந்த கமெண்ட்களுக்குத்தான் இது. நடந்ததை மறுபடியும் எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் இன்பொக்ஸில் கேட்க வேண்டாம், நான் பெயர் சொல்ல மாட்டேன்.

எனக்குக் கோபம் அந்தப் புது மெனேஜர் தம்பி மேல் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. ஆனால் வியாழக்கிழமை அவரிடம் ஒரு கடிதத்தை நீட்டி, திங்கட்கிழமையிலிருந்து 22 பேருக்கு நீதான் பொறுப்பு என்றார்களே, அவர்கள் மேல்தான் முழுக் கோபமும். ஆட்களை எப்படி நடத்துவது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், சொல்லிக் கொடுத்தார்களா? முகாமைத்துவப் பயிற்சி வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்ததற்கு வந்த பதில்: "அவருக்கெதுக்கு ட்ரைனிங், கெட்டிக்காரன்தானே."

கெட்டிக்காரன்தான். மோட்டர் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். அதற்கும் இருபது வருஷம் வேலை செய்த ஒருவரை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்பதற்கும் என்ன சம்பந்தம்?

எனக்கும் 2013இல் அப்படி ஒரு கடிதம் வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் படித்ததில் முகாமைத்துவம் என்று எனக்கு ஞாபகம் இருப்பது தேய்மானக் கணக்கு மட்டும்தான். அந்த மே மாதம், கொழுந்து குவிகிற நேரம், தலவாக்கலைப் பக்கம் ஒரு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூளை உலர்த்தும் ட்ரையரின் ஃபேன் நின்றுவிட்டது. ரோலரிலிருந்து இறங்கிய தூள் பரப்பிக் கிடக்கிறது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் என் முகத்தையே பார்க்கிறார். எங்கள் டெக்னீஷியனுக்கு என் மாமா வயது. போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு டின்மீன் பேணியில் நிதானமாகப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கையிலிருந்த ஸ்பெனரைப் பிடுங்கிக்கொண்டு நானே இறங்கிவிட்டேன். இரவு இரண்டரைக்கு ஃபேன் ஓடியது. ராஜா மாதிரி வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு போல்ட்டுக்கும் எனக்கு ஃபோன். "சேர் ஒருக்கா வந்து பார்த்தா நல்லது." ஒரு வருஷம் ஒழுங்காகத் தூங்கவில்லை. இவர்கள் சோம்பேறிகள் என்றுதான் நினைத்தேன். அது நானே தேடிக்கொண்டது என்று புரிவதற்கு என் கைக்காசில் சனிக்கிழமை தோறும் கொழும்பில் ஒரு முகாமைத்துவ வகுப்புக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. அங்கே ஒரு பயிற்சி: பக்கத்தில் இருப்பவர் தன் பிரச்சினையைச் சொல்வார். பத்து நிமிஷம் நாம் கேள்வி மட்டும்தான் கேட்கலாம், தீர்வு சொல்லக்கூடாது. நான் நாலாவது நிமிஷத்திலேயே தீர்வு சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அதைத்தான் பயிற்சி என்கிறேன். நுவரெலியா ஹோட்டலில் பலூன் ஊதிவிட்டு புஃபே சாப்பிடுவதை அல்ல.

தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கிரீப்பர் என்று ஒரு பழகுநர் முறை இருக்கிறது. தோட்ட மெனேஜரான பெரியதுரைக்குப் பின்னால் மாதக்கணக்கில் அலைந்து, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டிலிருந்து ஸ்டோர் வரைக்கும் பழகிய பிறகுதான் அவருக்குக் கீழே உள்ள சின்னதுரைக்குத் தோட்டத்தில் ஒரு டிவிஷன் கிடைக்கும். "அவர்கள் பழகியது அதட்டத்தானே" என்பீர்கள். என் அம்மா முப்பது வருஷம் அந்த அதட்டலைக் கேட்டுக் கொழுந்து எடுத்தவர், எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். ஆளை நடத்துவதும் பழக வேண்டிய ஒரு வேலை என்றாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் கொம்பனிகளுக்கு அதுவும் தெரியவில்லை.

"கூகுளில் யார் இதெல்லாம் பார்க்கிறார்கள்" என்று ஒருவர் கேட்டிருந்தார். பார்த்தார்கள் ஐயா. 2002இல் இன்ஜினியர்களுக்கு மெனேஜரே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். செலவுக் கணக்கும் சில்லறைச் சண்டையும் நேரே நிறுவனர் லாரி பேஜிடம் போக, சில மாதத்தில் அதைக் கைவிட்டார்கள். பிறகு நல்ல மெனேஜர் என்றால் யார் என்று சொந்த ஆட்களை வைத்தே ஆராய்ந்து எட்டுக் குணங்களை வரிசைப்படுத்தினார்கள். முதலாவது, நன்றாகச் சொல்லிக்கொடுத்து ஆளை வளர்ப்பது. தொழில்நுட்ப அறிவு எட்டாவது. எட்டாவது!

இன்னொரு நண்பர் அமெரிக்க விண்வெளி ஓடம் சேலஞ்சரை இழுத்தார். 1986இல், குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையம் தாங்காது, ஏவ வேண்டாம் என்று இன்ஜினியர்கள் தடுத்தபோது, அவர்களுடைய பொறியியல் தலைவரிடம் கொம்பனி மேலதிகாரி ஒருவர் "இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மெனேஜ்மென்ட் தொப்பியைப் போடு" என்றார். மறுநாள் ஓடம் சிதறி ஏழு பேர் செத்தார்கள். முகாமைத்துவம் படித்தால் அப்படித்தான் ஆவார்கள் என்கிறார் அந்த நண்பர். நல்ல கேள்வி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, அப்புறம் எழுதுகிறேன்.

ஆனால் என்னைச் சுட்டது வேறு ஒரு கமெண்ட். "நம்ம தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளை ஒன்று மேலே வந்தது உங்களுக்குப் பொறுக்கவில்லையா?" அந்தத் தம்பியின் பெயரை முதலில் சிபாரிசு செய்ததே நான்தான். வெள்ளிக்கிழமை ஏச்சு வாங்கிய மனிதரும் லயத்துப் பிள்ளைதான். அவர் வீட்டில் இரண்டு பேர் உயர்தரம் (ஏ.எல்.) படிக்கிறார்கள். அவருக்காக ஒரு கமெண்ட், ஒரே ஒரு கமெண்ட் வந்ததா? அந்தக் கமெண்டுக்குச் சிரிப்பு ஸ்மைலி போட்ட பதினேழு பேரும் என் நண்பர் பட்டியலில்தான் இருக்கிறீர்கள். எண்ணிவிட்டேன்.

ஏச்சு வாங்கிய அந்த மனிதர் இன்றைக்கும் வேலைக்கு வரவில்லை. பயிற்சிக்குக் காசில்லை என்றவர்கள் புது மெனேஜர் அறைக் கதவுக்குப் பித்தளையில் பெயர்ப்பலகை செய்யக் கொடுத்திருக்கிறார்களாம். அந்த பில் கையெழுத்துக்கு என் மேசைக்குத்தான் வந்திருக்கிறது.